‘ஓ’ குரூப்புக்கு வராதாமே?

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பல வீடுகளில் அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய மருத்துவக் கோப்புகள் வெளியே வந்தன. எல்லோரும் தேடியது ஒரே ஒரு வரியை: ரத்த வகை என்ன? ‘ஓ குரூப்புக்குக் கொரோனா வராதாமே, ஏ குரூப்புக்குத்தான் ஆபத்தாமே’ என்ற பேச்சு கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. ஓ வகைக்காரருக்கு நிம்மதி. ஏ வகைக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆதாரமே இல்லாமல் கிளம்பிய வதந்தி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வூஹான், ஷென்சென் நகரங்களின் மருத்துவமனைகளில் 2,173 நோயாளிகளின் ரத்த வகைகளைச் சீன ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். வூஹான் மக்களில் ஏ வகையினர் 32 விழுக்காடு. அந்நகரின் ஜின்யின்டான் மருத்துவமனை நோயாளிகளிலோ அவர்கள் ஏறக்குறைய 38 விழுக்காடு. ஓ வகையினர் மக்களில் 34 விழுக்காடு, நோயாளிகளில் 26 விழுக்காடு. ஏ வகையினர் கூடுதலாகவும் ஓ வகையினர் குறைவாகவும் நோயில் விழுந்திருந்தார்கள்.

வதந்திக்கான பதிலும் அதே எண்களுக்குள் இருந்தது. அந்த மருத்துவமனையில் நான்கு படுக்கைக்கு ஒன்றில் படுத்திருந்தவர் ஓ வகைக்காரர். ‘குறைவாக வருகிறது’ என்பதற்கும் ‘வராது’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அந்தப் படுக்கைகளின் நீளம். கைபேசிச் செய்தியில் அந்தத் தூரம் காணாமல் போயிருந்தது.

ரத்த வகைக்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. ஆனால் எந்த வைரஸ் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஒரு வைரஸுக்கு அது கதவையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இன்னொன்றுக்குக் கதவை நூலளவு ஒருக்களிக்கிறது. வேறு சிலவற்றில் தொடர்பு இருப்பதாகத் தோன்றிப் பிறகு மறைகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க, ரத்த வகை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தகட்டில் மூன்று துளி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்த வகை பார்ப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மூன்று இடங்களில் ஒவ்வொரு துளியாக வைக்கிறார்கள். முதல் துளியோடு நீல நிறத் திரவம், இரண்டாவதோடு மஞ்சள் திரவம், மூன்றாவதோடு நிறமற்ற திரவம் சேர்கிறது. குச்சியால் கலக்கித் தகட்டை மெல்ல ஆட்டுகிறார்கள். ஏ பாசிட்டிவ் ரத்தமாக இருந்தால், சிறிது நேரத்தில் நீலத் துளி திரைந்த பாலைப் போலத் திரிதிரியாகப் பிரிகிறது. மஞ்சள் துளி மாறாமல் வழவழப்பாக இருக்கிறது. மூன்றாவது துளியும் திரிகிறது. அது பாசிட்டிவா நெகட்டிவா என்பதைச் சொல்லும் துளி.

நீலத் திரவத்தில் இருப்பது ஏ வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். மஞ்சளில் இருப்பது பி வகைச் சர்க்கரையைப் பிடிப்பது. இரண்டும் திரிந்தால் ஏபி, இரண்டும் திரியாவிட்டால் ஓ. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் எளிய வடிவம் இது. 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே லாண்ட்ஸ்டைனர்தான் 1908இல் எர்வின் போப்பருடன் சேர்ந்து, போலியோவில் இறந்த சிறுவனின் தண்டுவடத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அது தொற்றக்கூடிய நோய் என்று காட்டினார். ரத்த வகையும் வைரஸும் ஒரே மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

வேறுபாடு முழுவதும் சர்க்கரையில் இருக்கிறது. சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தால் அதற்கு ஹெச் என்று பெயர். ஓ வகையினரிடம் சங்கிலி அங்கேயே முடிகிறது. ஏ வகையினரிடம் அதன்மேல் இன்னொரு சர்க்கரை ஏறுகிறது. பி வகையினரிடம் கேலக்டோஸ் ஏறுகிறது. ஏபி வகையினரிடம் இரண்டும் உண்டு. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. 1990இல் ஃபூமியிச்சிரோ யமமோட்டோவின் குழு அதைப் படித்துக் காட்டியது. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் 354 அமினோ அமிலங்களில் நான்கே நான்கு வேறுபாடுகள். ஓ வகையினரில் பெரும்பாலோரிடம் மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் நொதி வேலை செய்வதில்லை.

‘ரத்த வகை’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. இதே சர்க்கரைகள் சிறுகுடலின் உட்சுவரிலும், மூச்சுப் பாதையின் செல்களிலும், உமிழ்நீரிலும், தாய்ப்பாலிலும் இருக்கின்றன. வைரஸ் முதலில் வந்து சேரும் இடங்களும் குடலும் மூச்சுப் பாதையும்தான். அங்கே அது தொடும் முதல் பொருள்களில் ஒன்று இந்தச் சர்க்கரை.

வங்கத்தில் ஒரு விடை, சென்னையில் ஒரு விடை

1960களில் பெரியம்மை இன்னும் இந்தியக் கிராமங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அப்போது ஜெர்மானிய மரபியலாளர் ஃபிரீட்ரிஷ் ஃபோகலிடம் ஒரு கருத்து இருந்தது. அம்மை வைரஸின் மேல் ஏ வகைச் சர்க்கரையைப் போன்ற ஒன்று இருந்தால், ஏ வகையினரின் உடல் அதை அந்நியன் என்று அடையாளம் காணத் தடுமாறும். தன் சர்க்கரைக்கு எதிராக எந்த உடலும் எதிர்ப்பொருள் செய்வதில்லை அல்லவா? அப்படியானால் ஏ, ஏபி வகையினரை அம்மை கூடுதலாகத் தாக்க வேண்டும்.

இதைச் சோதிக்க எம்.ஆர். சக்கரவர்த்தியும் அவரும் மேற்கு வங்கம், பீகார் கிராமங்களில் தடுப்பூசி போடாத, அம்மை கண்ட 400க்கும் மேற்பட்டவர்களின் ரத்த வகையைப் பார்த்தார்கள். அவர்களோடு ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள், அதே வீட்டில் அம்மை வராமல் தப்பிய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள். ஒரே பெற்றோர், ஒரே அடுப்பு, ஒரே திண்ணை. மிகக் கவனமான தேர்வு அது. 1966இல் வெளியான முடிவு ஃபோகலின் எதிர்பார்ப்பை ஒட்டியே இருந்தது. ஏ, ஏபி வகையினருக்கு அம்மை கூடுதலாக வந்திருந்தது, கடுமையாகவும் இருந்தது, சாவும் அவர்களிடையே கூடுதல்.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு குழு அதே கேள்வியைக் கேட்டது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான அம்மை நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உள்ள மருத்துவர் ஏ.ஆர். ராவும், லிவர்பூலின் ஆலன் டவுனி, அமெரிக்காவின் ஹென்றி கெம்ப் உள்ளிட்டோரும் சேர்ந்து செய்த ஆய்வு 1965இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ரத்த வகைக்கும் அம்மை வருவதற்கும், அதன் கடுமைக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஒரே நாடு, ஒரே வைரஸ், ஒரே பத்தாண்டு, எதிரெதிர் விடைகள். யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இத்தகைய ஆய்வுகளின் முடிவு புரண்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. அந்த வழக்கு தீர்ப்பில்லாமலே மூடப்பட்டது. தீர்ப்பு கிடைக்காததற்கு வருத்தப்பட ஒருவரும் இல்லை.

ஆறு பேருக்கு வரவே இல்லை

தெளிவான தீர்ப்பு வேறொரு வைரஸிடமிருந்து வந்தது.

1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பாதிப் பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டார்கள். இரண்டொரு நாளில் எழுந்தும்விட்டார்கள். அவர்களின் மல மாதிரியிலிருந்து 1972இல் ஆல்பர்ட் கபிகியான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 27 நானோமீட்டர் அளவுள்ள வைரஸைக் கண்டார். ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இன்று நோரோ வைரஸ் என்று அழைக்கப்படும் குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. உலகெங்கும் திடீர் வாந்திபேதிக்குப் பெரும் காரணம் இக்குடும்பமே.

இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க நெடுங்காலம் முடியவில்லை. ஆகவே தாமாக முன்வந்தவர்களுக்கு வைரஸ் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 1977இல் வெளியான ஒரு சோதனையில் பன்னிரண்டு பேர் குடித்தார்கள். ஆறு பேருக்கு நோய் வந்தது. ஆறு பேருக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே பன்னிரண்டு பேருக்கு மறுபடியும் கொடுத்தார்கள். முதலில் நோயுற்ற அதே ஆறு பேர் மறுபடியும் நோயுற்றார்கள். தப்பிய அதே ஆறு பேர் மறுபடியும் தப்பினார்கள்.

வழக்கமான பாடத்துக்கு இது நேர் எதிர். ஒருமுறை நோய் வந்தால் உடல் அதை நினைவில் வைத்துத் தடுக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே வந்தவருக்கே மறுபடி வந்தது. வராதவருக்கு வரவே இல்லை. அவர்களைக் காத்தது பழைய தொற்றின் நினைவு அல்ல, பிறவியிலேயே இருந்த ஏதோ ஒன்று. அது என்ன என்று தெரிய கால் நூற்றாண்டு ஆனது.

துப்பு முயல்களிடமிருந்து கிடைத்தது. முயல்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் வைரஸ், நோரோ வைரஸின் உறவினர். அது ரத்த வகைச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்கிறது என்று 2000இல் பிரான்சின் நாண்ட் நகரில் ழாக் லு பாந்துவின் குழு காட்டியது. நார்வாக் வைரஸும் மனிதக் குடலில் ஹெச் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று அதே குழு 2002இல் கண்டது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. எல்லோருடைய குடலிலும் அந்தச் சர்க்கரை இல்லை.

சிவப்பணுவில் ஹெச் செய்ய ஒரு மரபணு. குடல், உமிழ்நீர் போன்ற இடங்களில் அதைச் செய்ய எஃப்யூடி-2 என்ற வேறொரு மரபணு. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த இரண்டாவது மரபணுவின் இரு பிரதிகளும் செயலற்றவை. அவர்களின் ரத்தத்தில் ஏ, பி, ஹெச் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். உமிழ்நீரிலும் குடலிலும் இருக்காது. 2003இல் வட கரோலினாவில் லிசா லிண்டஸ்மித், ரால்ஃப் பாரிக் முதலானோர் 77 பேருக்கு நார்வாக் வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 29 விழுக்காட்டினர் இந்தச் சர்க்கரையைச் சுரக்காதவர்கள். எவ்வளவு வைரஸ் கொடுத்தும் அவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

சுரப்பவர்களிடையே ரத்த வகையும் தன் பங்குக்கு வேலை செய்தது. நார்வாக் வைரஸ் ஓ வகையினரை எளிதாகப் பிடித்தது. பி வகையினரிடம் தடுமாறியது. கொரோனா விஷயத்தில் நிம்மதியாக இருந்த ஓ வகைக்காரர் இங்கே வரிசையில் முன்னால் நிற்கிறார். ஒரு வைரஸின் பட்டியல் இன்னொரு வைரஸுக்குச் செல்லாது.

முழுப் பாதுகாப்பு என்றும் இதைச் சொல்ல முடியாது. நோரோ குடும்பத்தில் பல கிளைகள் உண்டு. சுரக்காதவர்களையும் பிடிக்கும் கிளைகள் அவற்றில் இருக்கின்றன. மனிதர் ஒரு கதவை அடைத்தால் வைரஸ் கொல்லைப்புறம் தேடுகிறது.

மாதிரி எண் 19

கதவே இல்லாத நிலைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1975இல் லண்டனில் இவோன் கோஸார்ட், ரத்த மாதிரிகளைச் சோதிக்கையில் பி வரிசையின் 19ஆம் மாதிரியில் தற்செயலாக ஒரு புதிய வைரஸைப் பார்த்தார். அதன் பெயரே பார்வோ வைரஸ் பி19 ஆயிற்று. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து தடிக்கும் காய்ச்சலைத் தருவது இது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும் இடத்தில் புகுந்து உற்பத்தியை நிறுத்திவிடும் என்பதால், ஏற்கெனவே ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தானது.

இது புகும் கதவு, ஏபிஓ அல்லாத வேறொரு ரத்த வகையின் அடையாளமான பி-ஆன்டிஜென் (ஆங்கிலத்தில் P) என்று 1993இல் தெரிந்தது. அந்த ஆன்டிஜென் பிறவியிலேயே இல்லாத மிக அரிய மனிதர்கள் சிலர் உலகில் உண்டு. அத்தகைய 17 பேரைத் தேடிப் பிடித்து 1994இல் சோதித்தார்கள். பி19 வந்து போனதற்கான சுவடு ஒருவரின் ரத்தத்திலும் இல்லை. ஒப்பிடுவதற்காகச் சோதித்த மற்றவர்களில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் மேற்பட்டோரிடம் அந்தச் சுவடு இருந்தது.

மறுபடியும் கொரோனாவுக்கு

இந்த வெளிச்சத்தில் கொரோனாவைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. 2020 ஜூனில் இத்தாலி, ஸ்பெயின் மருத்துவமனைகளில் மூச்சுத் திணறலோடு கிடந்த 1,610 பேரின் மரபணுத் தொகுதிகளை ஐரோப்பியக் குழு ஒன்று அலசியது. இரண்டு இடங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று மூன்றாம் குரோமோசோமில். மற்றொன்று ஒன்பதாம் குரோமோசோமில், சரியாக ரத்த வகை மரபணு இருக்கும் இடத்தில். ஏ வகையினருக்கு ஆபத்து கூடுதல், ஓ வகையினருக்குக் குறைவு என்றது அந்த ஆய்வு. உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியான முடிவு அது.

பெரியம்மைக் காலத்துச் சிக்கல் இங்கேயும் வந்தது: யாரோடு ஒப்பிடுவது? ஒப்பீட்டுக் குழுவில் ரத்தக் கொடையாளர்கள் இருந்தார்கள். ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரத்தில் எவருக்கும் ஏற்றத்தக்கது என்பதால் ரத்த வங்கிகள் ஓ வகையினரைக் கூடுதலாக அழைக்கின்றன. கொடையாளர் கூட்டத்தில் இயல்பாகவே ஓ தூக்கலாக இருக்கும். அவர்களோடு ஒப்பிட்டால் நோயாளிகளிடம் ஓ குறைவாகத் தெரியத்தானே செய்யும்?

ஆகவே பெரிய எண்ணிக்கைகள் தேவைப்பட்டன. டென்மார்க்கில் கொரோனாப் பரிசோதனை செய்துகொண்ட, ரத்த வகை தெரிந்த 4,73,654 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நாட்டு மக்களில் ஓ வகையினர் 41.7 விழுக்காடு. தொற்று உறுதியானவர்களில் 38.4 விழுக்காடு. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. மருத்துவமனையில் சேர்வதிலோ இறப்பதிலோ வகைக்கு வகை வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவில் 1,07,796 பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று எந்தத் தொடர்பும் இல்லை என்றது. 2021 ஜூலையில் பல நாடுகளின் தரவை ஒன்றுசேர்த்து, 49,562 நோயாளிகளைக் கொண்ட பேராய்வு வந்தது. ரத்த வகை மரபணு தொற்றுவதைச் சிறிதளவு பாதிக்கிறது. தொற்றியபின் நோய் எவ்வளவு முற்றும் என்பதை அது தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. இதுவே அதன் முடிவு.

சிறிதளவு என்றால் எவ்வளவு? ஓ வகையினருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. ஓர் அலையில் மற்ற வகையினர் 100 பேரில் 20 பேருக்குத் தொற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓ வகையினர் 100 பேரில் ஏறக்குறைய 18 பேருக்குத் தொற்றும். தப்பிய அந்த இருவர் யார் என்று முன்கூட்டி எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நாடு முழுவதற்கும் கணக்குப் போடும் சுகாதாரத் துறைக்கு அது எண். வீட்டில் உட்கார்ந்து ரத்த வகை அட்டையைப் பார்ப்பவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

காரணம் என்ன என்பதற்கு இரண்டு விளக்கங்கள் முன்னால் நிற்கின்றன. ஏ வகைக்காரரின் செல்லில் பெருகி வெளிவரும் வைரஸ் அவருடைய ஏ சர்க்கரையையே போர்த்திக்கொண்டு வரலாம். அது ஓ வகைக்காரரை அடைந்தால், அவர் உடலில் இயல்பாகவே உள்ள ஏ-எதிர்ப்பொருள் அதைப் பிடித்துவிடும். பொருந்தாத ரத்தம் ஏற்றினால் நடப்பது இங்கே சிறிய அளவில் நடக்கிறது. 2008இலேயே நாண்ட் குழு, முதல் சார்ஸ் வைரஸின் கூர்முனைப் புரதம் செல்லோடு ஒட்டுவதை ஏ-எதிர்ப்பொருள் தடுப்பதை ஆய்வகத்தில் காட்டியிருந்தது. இன்னொரு விளக்கம்: வைரஸின் கூர்முனைப் புரதமே மூச்சுப் பாதைச் செல்களில் உள்ள ஏ சர்க்கரையோடு கொஞ்சம் கூடுதலாக ஒட்டுகிறது. 2021இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று இதைக் கண்டது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யவும் வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் அந்த 2020 ஜூன் ஆய்வில் ஓங்கித் தெரிந்தது ரத்த வகை மரபணு அல்ல, மூன்றாம் குரோமோசோமின் பகுதி. அது நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று ஹ்யூகோ ஸீபெர்க்கும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பாபோவும் அதே ஆண்டு காட்டினார்கள். தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைச் சுமக்கிறார்கள். ஐரோப்பியர்களில் 16 விழுக்காட்டினர். நோய் முற்றுவதோடு தொடர்புடையது அதுவே. ஆனால் அதைப் பற்றி எந்தக் கைபேசிச் செய்தியும் பறக்கவில்லை. தன் மரபணுவைப் பற்றிச் சாதாரண மனிதருக்குத் தெரிந்த ஒரே செய்தி ரத்த வகை. ஓட்டுநர் உரிமத்திலும் பள்ளி அடையாள அட்டையிலும் அச்சிட்டிருப்பது அது ஒன்றுதான். தெரிந்ததன்மேல் பழியையும் நம்பிக்கையையும் போடுவது மனித இயல்பு.

பம்பாயின் விலை

ஒரு வகை நல்லது, இன்னொன்று கெட்டது என்றால், கெட்டது என்றோ மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கிப்பன் குரங்குகளிலும் மனிதரிலும் ஏ, பி வேறுபாடு பொதுவாக இருப்பதை வைத்து, இது குறைந்தது 2 கோடி ஆண்டுப் பழமை என்று 2012இல் கணித்தார்கள். இத்தனை காலம் எல்லா வகைகளும் நீடிப்பதற்கு, ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஆதாயம் இருக்க வேண்டும். வைரஸ் அல்லாத கிருமிகளிலும் அது தெரிகிறது. கடுமையான மலேரியாவிலிருந்து ஓ வகையினர் ஓரளவு தப்புகிறார்கள். காலராவிலோ அவர்களுக்கே கடுமை கூடுதல். காலரா நெடுங்காலம் குடியிருந்த கங்கைக் கழிமுகத்தில் ஓ வகையினர் குறைவு. ஒரு கிருமி தள்ளுகிறது, இன்னொரு கிருமி இழுக்கிறது.

பாதுகாப்புக்கு விலையும் உண்டு. 1952இல் பம்பாயில் ஒய்.எம். பெண்டேயும் சக ஆய்வாளர்களும் மூன்று பேரின் ரத்தத்தில் ஒரு புதிரைக் கண்டார்கள். தகட்டில் பார்த்தால் ஓ வகை. ஆனால் ஓ வகை ரத்தத்தையே அவர்களின் உடல் ஏற்கவில்லை. அவர்களிடம் அடிப்படையான ஹெச்கூட இல்லை. பம்பாய் வகை என்று அதற்குப் பெயர் வந்தது. அவர்களுடைய குடலிலும் உமிழ்நீரிலும்கூட அந்தச் சர்க்கரை கிடையாது. நார்வாக் வைரஸ் பிடித்து ஏறும் கைப்பிடி அங்கே இல்லை. அதற்கு ஈடாக, விபத்திலோ பிரசவத்திலோ ரத்தம் தேவைப்பட்டால் இன்னொரு பம்பாய் வகையினரைத்தான் தேட வேண்டும். இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் அவ்வகை என்பது பொதுவான மதிப்பீடு.

வேலூர்க் குழந்தைகள் சொன்னது

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்? மிகத் தெளிவான விடை குழந்தைகளிடம் இருக்கிறது.

தடுப்பு மருந்து வருவதற்கு முன் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகளைக் கொன்றது. நோரோவைப் போலவே ரோட்டாவும் குடல் சர்க்கரைகளைப் பிடித்து ஏறுகிறது. பரவலாக உள்ள ரோட்டா வகை ஒன்று, குறிப்பிட்ட சர்க்கரைகளைச் சுரக்கும் குழந்தைகளையே தாக்குகிறது என்று 2014இல் ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோவில் கண்டார்கள். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரோட்டா சொட்டு மருந்து, வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது குடலில் ஒட்டிச் சற்றே பெருகினால்தான் உடல் பாடம் கற்கும். கைப்பிடி இல்லாத குழந்தையின் குடலில் மருந்து வைரஸும் ஒட்டாது. சில நாடுகளில் சில தடுப்பு மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலன் தராததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கின் குழு பல ஆண்டுகளாகப் பச்சிளங்குழந்தைகளின் ரோட்டா தொற்றைப் பின்தொடர்ந்தது. அங்கே ஒரு குறிப்பிட்ட வகை பிறந்த குழந்தைகளையே நாடியது. ஏன்? அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013இல் அவர்கள் தந்த விடை அழகானது. அந்த வைரஸ் பிடிப்பது ஏ, பி, ஹெச் எதையும் அல்ல, அவை ஏறுவதற்கு முந்தைய அரைகுறைச் சங்கிலியை. பிறந்த குழந்தையின் குடலில் சங்கிலிகள் இன்னும் கட்டி முடிக்கப்படாமல் இருக்கின்றன. வளர வளர நுனிச் சர்க்கரைகள் ஏறிவிடுகின்றன. கட்டி முடியாத வீட்டில் நுழைந்து பழகிய வைரஸ் அது.

இந்தியாவின் ரோட்டாவேக் மருந்தும் அத்தகைய பச்சிளங்குழந்தை வைரஸிலிருந்தே பிறந்தது. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எம்.கே. பான் குழு ஒரு குழந்தையிடமிருந்து பிரித்தெடுத்தது அது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா நோயை 56 விழுக்காடு குறைத்தது. 2016இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

ரத்த வகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். ரத்தம் கொடுக்கவும் பெறவும் அது வேண்டும். அடுத்த தொற்றுக் காலத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவதற்கான அனுமதிச் சீட்டாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. குழந்தையின் ரத்த வகை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லாக் குழந்தைக்கும் அது உண்டு.